ஒமிக்ரானைச் சொன்னவர்களுக்குக் கிடைத்த பரிசு

2021 நவம்பர் 25, வியாழக்கிழமை. தென்னாப்பிரிக்க சுகாதாரத் துறை அவசர அவசரமாக ஒரு செய்தியாளர் கூட்டத்தைக் கூட்டியது. வைரஸ் மரபணு ஆய்வாளர் டூலியோ டி ஒலிவேரா பேசினார். கொரோனாவில் புதிதாக ஒரு வகை தென்பட்டிருக்கிறது. அதன் ஸ்பைக் புரதத்தில் மட்டும் 30க்கும் மேற்பட்ட மாற்றங்கள். ஜோகன்னஸ்பர்க்கும் பிரிட்டோரியாவும் இருக்கிற கௌடெங் மாகாணத்தில் வேகமாகப் பரவுவது போலத் தெரிகிறது. தடுப்பூசியைத் தாண்டுமா, ஆளைக் கொல்லுமா என்பதெல்லாம் இனிமேல்தான் தெரியும். மூடி மறைக்காமல், தெரிந்ததைத் தெரிந்தது என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

அன்று இரவே பிரிட்டன் ஆறு ஆப்பிரிக்க நாடுகளின் விமானங்களை நிறுத்துவதாக அறிவித்தது. மறுநாள் உலக சுகாதார நிறுவனம் அந்த வகைக்கு 'ஒமிக்ரான்' என்று பெயர் வைத்தது. அவசரப்பட்டுப் பயணத்தடை போடாதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டது. யார் கேட்டார்கள்? ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா என்று வரிசையாகக் கதவைச் சாத்தினார்கள். இஸ்ரேலும் ஜப்பானும் எந்த வெளிநாட்டவரும் வேண்டாம் என்று மொத்தமாகவே பூட்டிவிட்டன.

உலகத்துக்கு எச்சரிக்கை மணி அடித்த நாட்டுக்கு உலகம் கொடுத்த பரிசு இது. நாலு வருஷம் போயாச்சு, ஒமிக்ரானையே எல்லோரும் மறந்தாச்சு, இப்போது எதற்கு இந்தப் பழைய கதை என்று கேட்கலாம். ஏனென்றால் அடுத்த வைரஸ் எங்கே தலை காட்டும் என்று யாருக்கும் தெரியாது. அதை முதலில் பார்க்கப் போகிறவர் எந்த ஊரிலோ ஒரு ஆய்வகத்தில் உட்கார்ந்திருப்பார். அவர் வாயைத் திறப்பாரா மாட்டாரா என்பது 2021இல் நடந்ததை வைத்துத்தான் முடிவாகும்.

முதலில், இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று பாருங்கள். ஏதோ தடுக்கி விழுந்து கிடைத்த புதையல் அல்ல.

பி.சி.ஆர். பரிசோதனையில் ஒரு குறிப்பிட்ட வகைக் கிட் உண்டு. அது வைரஸின் மூன்று மரபணுக்களைத் தேடும். மூன்றும் கிடைத்தால் பாசிட்டிவ். ஸ்பைக் மரபணுவில் ஒரு சின்னத் துண்டு காணாமல் போயிருந்தால் மற்ற இரண்டும் கிடைக்கும், 'எஸ்' மட்டும் கிடைக்காது. 2021 டிசம்பரில் நம்மூர் டி.வி.யில் சுகாதாரத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் தினமும் 'எஸ் ஜீன் டிராப்' என்று சொல்லிக்கொண்டிருந்தாரே, அதே சமாச்சாரம்தான். அப்போது உலகமெங்கும் ஆடிக்கொண்டிருந்த டெல்டாவில் பொதுவாக இந்த டிராப் வராது. நவம்பர் தொடக்கத்தில் பிரிட்டோரியாவில் ஒரு தனியார் ஆய்வகத்தில் திடீரென்று எஸ் காணாமல் போன மாதிரிகள் வர ஆரம்பித்தன. கிட்டில் கோளாறு என்று தூக்கிப் போட்டிருக்கலாம். அதன் அறிவியல் பிரிவுத் தலைவர் ராகேல் வியானா நவம்பர் 19ஆம் தேதி எட்டு மாதிரிகளை எடுத்து முழு மரபணுவையும் படித்தார். அவர் கண்ணையே அவரால் நம்ப முடியவில்லை, அத்தனை மாற்றங்கள். தேசியத் தொற்றுநோய் நிறுவனத்துக்குத் தகவல் போனது. அவர்கள் இன்னும் சில மாதிரிகளை எடுத்துச் சரிபார்த்தார்கள். 24ஆம் தேதி உலக சுகாதார நிறுவனத்துக்குச் சொல்லியாகிவிட்டது.

அதே நேரத்தில் பக்கத்து நாடான போட்ஸ்வானாவில் சிகுலிலே மோயோவின் குழுவும் இதையே பார்த்தது. அங்கே நவம்பர் 11ஆம் தேதி மாதிரி எடுக்கப்பட்டவர்கள் நான்கு பேர். நான்கு பேருமே வெளிநாட்டிலிருந்து வந்த தூதரகப் பணியாளர்கள்! அவர்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்று கேட்டு எல்லோரும் துளைத்தெடுத்தார்கள். வைரஸுக்குப் பாஸ்போர்ட் கிடையாது என்கிற தொனியில் பதில் சொல்லி, நாட்டின் பெயரை வெளியிட போட்ஸ்வானா அரசு மறுத்துவிட்டது. அந்தக் கண்ணியத்தைத் திருப்பிக் காட்ட பெரிய நாடுகளுக்கு மனசு வரவில்லை.

ஐந்தே நாளில் முழு மரபணுவைப் படித்து, சரிபார்த்து, உலகத்துக்கு அறிவிக்கிற திறமை தென்னாப்பிரிக்காவுக்கு எங்கிருந்து வந்தது? எச்.ஐ.வி.யோடும் காசநோயோடும் முப்பது வருஷம் மல்லுக்கட்டிக் கிடைத்தது. சுமார் 75 லட்சம் பேர் எச்.ஐ.வி.யோடு வாழும் நாடு அது. அந்த வேதனைக்கு நடுவில் கட்டிய ஆய்வகங்கள், அதில் வளர்ந்த ஆட்கள். 2020 டிசம்பரில் பீட்டா வகையைக் கண்டுபிடித்துச் சொன்னவர்களும் இவர்களேதான். (அப்போதும் விமானங்களை நிறுத்தினார்கள். அப்படியிருந்தும் மறுபடி சொன்னார்கள் பாருங்கள், அதுதான் பெரிய விஷயம்.)

இனி தடையின் லட்சணத்தைப் பார்ப்போம்.

தென்னாப்பிரிக்கா சொன்னதற்கு மறுநாள், நவம்பர் 26ஆம் தேதி, ஐரோப்பாவின் முதல் ஒமிக்ரான் நோயாளியை பெல்ஜியம் அறிவித்தது. எகிப்திலிருந்து துருக்கி வழியாக வந்தவர். தெற்கு ஆப்பிரிக்காப் பக்கமே போனதில்லை. அதே நாளில் ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்தில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்து இறங்கிய இரண்டு விமானங்களின் பயணிகள் சுமார் 600 பேரை மணிக்கணக்கில் அடைத்து வைத்துப் பரிசோதித்தார்கள். 61 பேருக்குத் தொற்று, அதில் பத்துப் பதினைந்து பேருக்கு ஒமிக்ரான். பார்த்தீர்களா, ஆப்பிரிக்காவிலிருந்துதான் வருகிறது என்று உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. நான்கு நாள் கழித்து நெதர்லாந்தின் பொது சுகாதார நிறுவனமே பழைய மாதிரிகளை எடுத்துப் பார்த்தது. நவம்பர் 19ஆம் தேதியும் 23ஆம் தேதியும் எடுத்த மாதிரிகளில் ஒமிக்ரான் இருந்தது. அதாவது, தென்னாப்பிரிக்கா வாயைத் திறப்பதற்கு முன்பே அது நெதர்லாந்தில் உலாவிக்கொண்டிருந்தது. இந்தச் செய்திக்கு எத்தனை பத்திரிகையில் முதல் பக்கம் கிடைத்தது?

பக்கத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. இந்தியாவின் முதல் இரண்டு ஒமிக்ரான் நோயாளிகள் 2021 டிசம்பர் 2ஆம் தேதி கர்நாடகத்தில் அறிவிக்கப்பட்டார்கள். ஒருவர் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தவர். இன்னொருவர் பெங்களூரைச் சேர்ந்த ஒரு மருத்துவர். எந்த வெளிநாட்டுக்கும் போகாதவர். அவருக்கு அறிகுறி தெரிந்தது நவம்பர் 21ஆம் தேதி. பிரிட்டோரியாவில் இன்னும் சரிபார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் பெங்களூரில் ஒமிக்ரான் வந்து உட்கார்ந்துவிட்டது. விமானத்தை நிறுத்தி எதைத் தடுப்பது?

அமெரிக்கா தடை போட்ட எட்டு நாடுகளின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா, ஜிம்பாப்வே, நமீபியா, லெசோத்தோ, எஸ்வாட்டினி, மொசாம்பிக், மலாவி. அந்த நேரத்தில் ஒமிக்ரான் உறுதியானது இதில் முதல் இரண்டு நாடுகளில்தான். மற்றவை செய்த குற்றம்? வரைபடத்தில் பக்கத்தில் இருந்தது! அதே வாரத்தில் பெல்ஜியம், நெதர்லாந்து, பிரிட்டன், ஜெர்மனி, இத்தாலி என்று வரிசையாக ஒமிக்ரான் உறுதியானது. இவற்றில் ஒன்றாவது அமெரிக்காவின் தடைப் பட்டியலில் ஏறியதா? ஏறவில்லை. நோயாளி இருந்த ஐரோப்பிய நாட்டுக்குத் தடை இல்லை, நோயாளியே தென்படாத ஆப்பிரிக்க நாட்டுக்குத் தடை. ஐ.நா. பொதுச் செயலாளர் அன்டோனியோ குட்டெரெஸ் இதைப் 'பயண நிறவெறி' என்றார். நிறவெறி என்ற சொல்லையே உலக அகராதிக்குத் தந்த தென்னாப்பிரிக்காவைப் பற்றிய பேச்சில் அந்தச் சொல் வந்தது தற்செயல் அல்ல.

இன்னொரு கூத்தும் உண்டு. அமெரிக்கத் தடையில் அமெரிக்கக் குடிமக்களுக்கும் பச்சை அட்டைக்காரர்களுக்கும் விலக்கு. ஒரே விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தால், வைரஸ் முதலில் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு அப்புறம்தான் தொற்றும் போலிருக்கிறது :-)

முடிவு என்ன ஆனது? டிசம்பர் 15ஆம் தேதி பிரிட்டன் தன் சிவப்புப் பட்டியலிலிருந்து எல்லா நாடுகளையும் எடுத்துவிட்டது. இங்கேயே பரவிவிட்டது, இனிப் பட்டியலால் பயனில்லை என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். அதே நாளில் பிரிட்டனில் பதிவான தொற்று 78,610. பெருந்தொற்று தொடங்கியதிலிருந்து அதுவரை இல்லாத எண்ணிக்கை. டிசம்பர் 31ஆம் தேதி அமெரிக்காவும் தடையை எடுத்தது. ஜனவரி முதல் வாரத்தில் அங்கே ஒரே நாளில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட தொற்றுகள் பதிவாயின (விடுமுறையில் தேங்கிய கணக்கும் அதில் சேர்த்திதான், இருந்தாலும்). ஐந்து வாரத் தடை அந்த நாடுகளுக்குப் பெரிதாக எதையும் மிச்சம் பிடித்துத் தரவில்லை.

தென்னாப்பிரிக்காவுக்கு என்ன ஆனது? டிசம்பர் அங்கே கோடைக்காலம், சுற்றுலா சீசன். பிரிட்டனின் சிவப்புப் பட்டியலிலிருந்து அக்டோபர் 11ஆம் தேதிதான் விடுபட்டிருந்தார்கள். இரண்டு வருஷம் ஈரத்துணியை வயிற்றில் கட்டிக்கொண்டிருந்த ஓட்டல்காரர்களும் வழிகாட்டிகளும் வாடகைக் கார் ஓட்டுநர்களும் இந்த ஒரு சீசனைத்தான் நம்பியிருந்தார்கள். ஒன்றரை மாதத்தில் மறுபடியும் பட்டியலில் ஏற்றிவிட்டார்கள். ஊர் திரும்பும் பிரிட்டன்காரர் தன் செலவில் பத்து நாள் ஓட்டல் தனிமையில் இருக்க வேண்டும். ஒருவருக்கு 2,285 பவுண்டு. யார் போவார்கள்? முன்பதிவுகள் சடசடவென்று ரத்தாயின.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. மரபணுவைப் படிக்கத் தேவையான வேதிப்பொருள்கள் வெளிநாட்டிலிருந்து விமானத்தில்தான் வர வேண்டும். விமானம் நின்றதால் அந்தச் சரக்கும் தீர்ந்துபோகும் நிலை வந்துவிட்டது என்று டி ஒலிவேரா அப்போதே எச்சரித்தார். புதிய வகையைப் பற்றி எங்களுக்கு உடனே தகவல் வேண்டும் என்று கேட்டவர்களே அந்தத் தகவல் வருகிற குழாயை அடைத்தார்கள். உள்நாட்டிலும் நிம்மதி இல்லை. இவர்கள் வாயால்தான் பிழைப்பு போனது என்று அவருக்கும் சக விஞ்ஞானிகளுக்கும் கொலை மிரட்டல்கள் வந்தன.

சரி, பெயர் விவகாரத்துக்கு வருவோம். இதில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு என்பதால் கொஞ்சம் கசக்கும்.

2021 மே மாதம். டெல்டா கோரத்தாண்டவம் ஆடிக்கொண்டிருந்தது. சென்னையில் மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசை கட்டி நின்ற நாட்கள். அப்போது உலகப் பத்திரிகைகள் அதை 'இந்திய வகை' என்று எழுதின. டெல்லிக்குக் கோபம் வந்தது. உலக சுகாதார நிறுவனம் அப்படிச் சொல்லவே இல்லை என்று மே 12ஆம் தேதி சுகாதார அமைச்சகம் மறுப்பு அறிக்கை விட்டது. மே 21ஆம் தேதி தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் ஒரு படி மேலே போய், 'இந்திய வகை' என்று வருகிற பதிவுகளையெல்லாம் நீக்குங்கள் என்று சமூக ஊடக நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதியது. கோபத்தில் நியாயம் உண்டு. நாட்டின் பெயரை வைரஸுக்கு வைத்தால் அடி விழுவது வைரஸுக்கு அல்ல, அந்த நாட்டு ஆளுக்கு.

ஆனால் அதற்கு மூன்று மாதம் முன்னால், அதே 2021 பிப்ரவரியில், டெல்லியில் நடந்த அரசுச் செய்தியாளர் கூட்டத்தில் என்ன சொன்னார்கள்? 'தென்னாப்பிரிக்க வகை' நான்கு பேரிடம் கண்டுபிடிக்கப்பட்டது என்றார்கள். 'பிரிட்டன் வகை', 'பிரேசில் வகை' எல்லாம் சர்வ சாதாரணமாக வந்து விழுந்தன. தமிழ்ப் பத்திரிகைகளும் விதிவிலக்கு அல்ல. அடுத்தவன் பெயரை இழுக்கும்போது இனிக்கிறது, தன் பெயர் வந்ததும் எரிகிறது. தனக்கு வந்தால் ரத்தம், அடுத்தவனுக்கு வந்தால் தக்காளிச் சட்னி!

இந்த இழவுக்காகத்தான் 2021 மே 31ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா என்று கிரேக்க எழுத்துகளைக் கொண்டுவந்தது. (ஒமிக்ரானுக்கு முன்னால் இரண்டு எழுத்துகளைத் தாண்டிக் குதித்தார்கள். 'நூ' ஆங்கிலத்தில் 'புதிய' என்ற சொல்போல ஒலிக்கிறதாம். 'க்ஸை' சீனாவில் பலருக்கும் இருக்கிற குடும்பப் பெயராம். அந்தப் பெயர் யாருக்கெல்லாம் இருக்கிறது என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம்.) இது 2021இல் வந்த புத்தி. 1918இன் காய்ச்சலுக்கு 'ஸ்பானிஷ் ஃப்ளூ' என்று பெயர் வந்த கதை தெரியும்தானே? அது ஸ்பெயினில் பிறந்த நோய் அல்ல. முதல் உலகப் போரில் இருந்த நாடுகளெல்லாம் பத்திரிகைகளுக்கு வாய்ப்பூட்டு போட்டிருந்தன. ஸ்பெயின் போரில் இல்லை. அதன் பத்திரிகைகள் காய்ச்சலைப் பற்றிச் சுதந்திரமாக எழுதின, மன்னருக்கே காய்ச்சல் வந்ததையும் எழுதின. மறைத்தவர்கள் நல்ல பிள்ளைகள் ஆனார்கள், எழுதியவன் பெயர் நூறு வருஷத்துக்கு நோயோடு ஒட்டிக்கொண்டது.

இந்த அடியை இந்தியாவும் வாங்கியிருக்கிறது. 1994 செப்டம்பரில் சூரத் நகரில் பிளேக் என்று செய்தி வந்தது. இறந்தவர்கள் சுமார் ஐம்பது பேர். சூரத்திலிருந்து லட்சக்கணக்கானவர்கள் ரயிலேறி ஓடினார்கள். பயணத் தடையோ வணிகத் தடையோ தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் அப்போதும் சொன்னது. அப்போதும் யாரும் கேட்கவில்லை. வளைகுடா நாடுகள் பல விமானங்களை நிறுத்தின, இந்தியச் சரக்கைத் திருப்பி அனுப்பின. நஷ்டம் 150 கோடி டாலருக்கும் மேல் என்று பின்னால் மதிப்பிட்டார்கள். 2021இல் டெல்டாவின்போது ஆஸ்திரேலியா செய்தது இன்னும் விசேஷம். மே மாதத் தொடக்கத்தில், இந்தியாவில் இருந்துவிட்டு வருகிறவர் தன் நாட்டுக் குடிமகனாகவே இருந்தாலும் உள்ளே வந்தால் ஐந்து வருஷம் வரை சிறை என்று அறிவித்தது. ஊரில் அப்பா அம்மாவைப் பார்க்க வந்து மாட்டிக்கொண்ட ஆஸ்திரேலியத் தமிழர்களைக் கேட்டால் தெரியும் அந்த இரண்டு வாரத்தின் அருமை. இப்படி வாங்கிய நாட்டில் இருப்பவர்களாவது ஆறு மாதம் கழித்து தென்னாப்பிரிக்காவின் பக்கம் நின்றிருக்க வேண்டும். ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒமிக்ரானின்போது இந்தியா ஆப்பிரிக்க நாடுகளை மட்டும் பிரித்து விமானத்தடை போடவில்லை. பிரிட்டனையும் ஐரோப்பிய நாடுகளையும் சேர்த்தே 'ஆபத்துள்ள நாடுகள்' பட்டியல் போட்டு, வந்து இறங்கியதும் பரிசோதனை, ஏழு நாள் வீட்டுத் தனிமை என்று வைத்தது. நைஜீரியாவிலிருந்து தோகா வழியாகச் சென்னை வந்தவரிடம் தமிழ்நாட்டின் முதல் ஒமிக்ரான் டிசம்பர் 15ஆம் தேதி உறுதியானதும் அப்படி ஒரு பரிசோதனை வழியாகத்தான். எல்லோருக்கும் ஒரே விதி. இதுதான் முறை.

ஆனால் கண்டுபிடிக்கும் விஷயத்தில் இந்தியா மார்தட்ட முடியாது. மரபணுவைப் படிக்கும் ஆய்வகக் கூட்டமைப்பு 2020 டிசம்பரில் உருவானது. தொற்று உறுதியான மாதிரிகளில் 5 சதவீதத்தைப் படிப்பது இலக்கு. இரண்டாம் அலை எழும்பிய மாதங்களில் அதன் அருகில்கூடப் போகவில்லை. 2021 மார்ச் 24ஆம் தேதி 'இரட்டை உருமாற்றம்' என்று அமைச்சகம் அறிவித்தபோதே, அலை இதனால் வந்தது என்று சொல்ல முடியாது என்றும் சேர்த்துச் சொன்னார்கள். அடுத்த மாதம் என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். தமிழ்நாடு தன் மாதிரிகளை பெங்களூருக்கு அனுப்பிவிட்டுக் காத்துக் கிடந்தது. சென்னை தேனாம்பேட்டையில் மாநில அரசின் சொந்த மரபணு ஆய்வகம் திறக்கப்பட்டது 2021 செப்டம்பரில், சுமார் 4 கோடி ரூபாயில். 4 கோடி! ஒரு மேம்பாலத்தின் ஒரு காலுக்கு ஆகிற செலவு.

அப்படியென்றால் எல்லையை மூடுவதே தப்பா என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். நியூசிலாந்து 2020 மார்ச்சில் மூடியது, ஆயிரக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றியது. ஆனால் அது நாட்டின் பெயர் பார்க்காமல் எல்லோருக்கும் மூடியது. தன் குடிமக்கள் வந்தாலும் 14 நாள் தனிமையில் வைத்தது. உள்ளே தொற்று அநேகமாக இல்லாதபோது செய்தது. வைரஸ் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்து சோபாவில் உட்கார்ந்திருக்கும்போது எட்டு நாட்டுக்காரனை மட்டும் வாசலில் நிறுத்துவதும் இதுவும் ஒன்றாகுமா? முதலாவது நோய்த்தடுப்பு. இரண்டாவது, ஏதோ செய்தோம் என்று உள்ளூர் வாக்காளருக்குக் காட்டுகிற படம்.

பிரிட்டனையும்தானே 2020 டிசம்பரில் ஒதுக்கினார்கள், இதில் எங்கே நிறம் வந்தது என்று இன்னொரு வாதம். உண்மைதான். ஆல்ஃபாவைக் கண்டுபிடித்துச் சொன்ன பிரிட்டனுக்கு 40க்கும் மேற்பட்ட நாடுகள் கதவைச் சாத்தின. கென்ட் சாலைகளில் கிறிஸ்துமஸ் நேரத்தில் ஆயிரக்கணக்கான லாரிகள் நின்றன. ஆக, சொல்கிறவன் யாராக இருந்தாலும் அடி உண்டு. அந்த அடி எப்படிப்பட்டது என்று தெரிந்த பிரிட்டனே, ஒரு வருஷம்கூட ஆவதற்குள், முதல் ஆளாக ஓடிப்போய்த் தென்னாப்பிரிக்காவுக்கு அதைக் கொடுத்தது என்பதுதான் வேடிக்கை. பணக்கார நாடு அடியைத் தாங்கும். லெசோத்தோ தாங்குமா?

தடுப்பூசியைப் பற்றிப் பேசாமல் இது முடியாது. ஒமிக்ரான் தென்பட்ட நேரத்தில் ஆப்பிரிக்கக் கண்டத்தில் முழுமையாகத் தடுப்பூசி போட்டவர்கள் சுமார் 7 சதவீதம். பணக்கார நாடுகளில் மூன்றாவது ஊசிக்கு வரிசை. தடுப்பூசி மீதான காப்புரிமையைத் தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள் என்று 2020 அக்டோபரில் உலக வணிக அமைப்பில் கேட்டவை இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும்தான். இழுத்தடித்து, நீர்த்துப்போன ஒரு முடிவு வந்தது 2022 ஜூனில். தென்னாப்பிரிக்காவிலேயே குப்பிகளில் அடைக்கப்பட்ட ஜான்சன் அண்ட் ஜான்சன் தடுப்பூசி 2021இல் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியான கொடுமையும் நடந்தது. இந்தியாவும் யோக்கியம் என்று சொல்வதற்கில்லை. இரண்டாம் அலையில் ஏற்றுமதியை நிறுத்தியதில் ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போக வேண்டிய கோவிஷீல்டு மாதக்கணக்கில் நின்றது. இங்கே பிணம் எரிந்துகொண்டிருந்தபோது வேறு வழி இல்லை என்பது சரி, அதனால் அங்கே ஊசி கிடைக்காமல் போனதும் சரி. (2021 நவம்பரில் தென்னாப்பிரிக்காவே புதிய சரக்கைத் தள்ளி அனுப்பச் சொன்னது, மக்களின் தயக்கத்தால் கையிருப்பு தேங்கியது என்பதையும் சொல்லியாக வேண்டும். அது மற்ற 50க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகளின் கதை அல்ல.)

சட்டம் எதுவும் இல்லையா? இருக்கிறது. 2002-03இல் சார்ஸ் நோயை சீனா மாதக்கணக்கில் மூடி மறைத்ததில் பாடம் கற்று, 2005இல் சர்வதேச சுகாதார விதிமுறைகளைத் திருத்தி எழுதினார்கள். ஒரு நாடு அபாயத்தைக் கண்டால் 24 மணி நேரத்தில் சொல்ல வேண்டும். பதிலுக்கு, மற்ற நாடுகள் தேவைக்கு மேல் தடை போடக் கூடாது. போட்டால் 43ஆம் பிரிவின்படி அறிவியல் காரணம் காட்ட வேண்டும். கொடுக்கல் வாங்கல். தென்னாப்பிரிக்கா தன் பங்கைக் கொடுத்தது. வாங்கியவர்கள் பட்டை நாமம் சாத்தினார்கள். மீறினால் தண்டனை? ஒன்றும் கிடையாது.

மறைத்தால் என்ன ஆகும் என்றும் உலகம் பார்த்துவிட்டது. 2020 ஜனவரி 11ஆம் தேதி ஷாங்காய் விஞ்ஞானி ஜாங் யோங்ஜென்னின் குழு கொரோனாவின் மரபணுவை முதன்முதலாக உலகத்துக்கு வெளியிட்டது. பரிசோதனைக் கிட்டும் தடுப்பூசியும் செய்ய எல்லோரும் கையில் எடுத்தது அதைத்தான். மறுநாளே 'சீரமைப்பு' என்று சொல்லி அவர் ஆய்வகத்தை மூட உத்தரவு வந்தது. அதைக் கேட்டு ஜனநாயக நாடுகளெல்லாம் 'ஐயோ, சீனா!' என்று முகம் சுளித்தன. ஒரு ஆய்வகத்தை மூடுவது சர்வாதிகாரம், ஒரு நாட்டையே மூடுவது முன்னெச்சரிக்கை. நல்ல நியாயம்!

செய்ய வேண்டியது ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் அல்ல. ஒரு நாடு முன்வந்து அறிவித்தால், அதனால் அதற்கு வரும் நஷ்டத்தை ஈடுகட்ட ஒரு பொது நிதி வேண்டும். விமானத்தை நிறுத்துகிற நாடு எதற்காக நிறுத்தியது, எந்தத் தேதியில் எடுக்கும் என்பதை எழுதி வெளியிட வேண்டும். தடை போடும் பணக்கார நாடுகள்தான் அந்த நிதியில் பெரிய பங்கைப் போட வேண்டும். கைக்காசு போகும் என்று தெரிந்தால் கொஞ்சம் யோசித்துத் தடை போடுவார்கள். ஆய்வகத்துக்குப் போகும் சரக்கை எந்தத் தடையும் தொடக் கூடாது.

2025 மே மாதம் ஜெனீவாவில் பெருந்தொற்று ஒப்பந்தம் ஒன்றை ஏற்றுக்கொண்டார்கள். மூன்று வருஷத்துக்கும் மேல் பேசி எழுதியது. கிருமியின் மாதிரியையும் மரபணுத் தகவலையும் கொடுக்கும் நாடுகளுக்குப் பதிலாக என்ன கிடைக்கும் என்பதுதான் அதில் உயிர்நாடி. தடுப்பூசி நிறுவனங்கள் உற்பத்தியில் 20 சதவீதத்தை உலக சுகாதார நிறுவனத்துக்கு ஒதுக்குவது, அதில் குறைந்தது பாதி இலவசமாக என்று ஒரு கணக்கு வந்தது. ஆனால் அதை எப்படி நடத்துவது என்ற இணைப்பை அப்போது முடிக்காமல், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்துவிட்டுத்தான் கைதட்டினார்கள். பயணத்தடை? பயணிகளைத் தடு என்றோ அனுமதி என்றோ எந்த நாட்டுக்கும் உத்தரவிடும் அதிகாரம் உலக சுகாதார நிறுவனத்துக்குக் கிடையாது என்று ஒப்பந்தத்திலேயே தெளிவாக எழுதி வைத்துக்கொண்டார்கள். அதை மட்டும் மறக்கவில்லை.

இத்தனைக்குப் பிறகும் 2022 ஏப்ரலில் டி ஒலிவேராவின் குழு ஒமிக்ரானின் இரண்டு புதிய கிளைகளைக் கண்டுபிடித்து உலகத்துக்கு அறிவித்தது. பி.ஏ.4, பி.ஏ.5. அடுத்த சில மாதங்களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அலையைக் கிளப்பியவை அவைதான். இந்தமுறை யாரும் விமானத்தை நிறுத்தவில்லை. நன்றி என்றும் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.